திருமூலர் பிராணாயாமமும் இக்கால மூச்சுப்பயிற்சி நூல்களும்

மக்கள் யாக்கை நிலைபெறுதற்கு உணவும் நீரும் உயிர்ப்பும் இன்றியமையாதன. இவற்றுள் உணவின்றிப் பன்னாளும், நீரின்றிச் சின்னாளும் உடம்பு தாங்கும். உயிர்ப்பு நின்றவழிச் சிறிது பொழுதும் தாங்காது. அங்ஙனமாகவும், உண்பது இன்னது, பருகுவது இன்னது என்று ஆராய்வோர் பலராக, உயிர்க்கும் முறையை ஆராய்வோர் மிகச் சிலரேயாயினர். இக்குறையை நீக்குவான் புகுந்து, ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சியால் நோய் தணியும், மனக்கலக்கம் ஒழியும், துயில் நன்கு வரும் என்று கற்பிக்கும் நூல்கள் இந்நாளிற் பல வெளிவருகின்றன. மக்கள் நலங் கருதியவாதலின் அம்முயற்சிகள் பாராட்டற்பாலனவே. ஆயின், அந்நூல்களுட் பல தம் கூற்றுக்குப் பிரமாணமாகத் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தைக் காட்டி, "இது திருமூலர் அருளிய முறை" என்று முடிக்கின்றன. அங்ஙனம் காட்டும் மேற்கோள் நூலாசிரியர் கருத்தொடு பொருந்துமா, பொருந்தாதா என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வாராய்ச்சி வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. ஆரணியாற்றங்கரையிலுள்ள எமது ஆரணி, வடஆர்க்காட்டு ஆரணியின் வேறாய்த் திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தை அடுத்துள்ளது. இப்பக்கத்து இளைஞர் பலர் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டிலுள்ள இரும்புருக்காலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் பகல் இரவு முறைமாறி வேலை செய்பவர். உலையின் வெம்மையும் தூசியும் ஒருபுறமும், துயில் கெடுதல் மற்றொரு புறமுமாக வருந்தும் அவர்கள் இந்நூல்களை நம்பி வாங்குகின்றனர். அவருட் சிலர், "திருமூலர் அறுபத்துநான்கு எண்ணும் வரை மூச்சை அடக்கச் சொல்லியிருக்கிறாராம்; எமக்குத் தலை சுற்றுகின்றது; யாம் தகுதியிலேமோ?" என்று வினவுகின்றனர். தகுதியின்மை அவரிடத்ததா, நூலிடத்ததா என்பதே ஈண்டு நாம் தெளியவேண்டுவது.

மூச்சுப்பயிற்சி நூல்களின் வழி

இன்று தமிழில் உலவும் ஆழ்மூச்சுப் பயிற்சிகள் யாவும் மடாலயங்களினின்றும் நேரே வந்தன என்று கருதுவார் உளர். அது முழுவதும் உண்மையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யோகி இராமசரகர் என்னும் பெயரால் உயிர்ப்பின் அறிவியல் பற்றிய நூலொன்று அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் வெளிவந்தது. அதனை எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்னும் வழக்கறிஞர். 1862ஆம் ஆண்டு பிறந்து 1932ஆம் ஆண்டு மறைந்தவர். வயிறும் விலாவும் மார்பின் மேற்புறமும் முறையே ஓரலைபோல் விரிய மூச்சை வாங்கும் 'முழு மூச்சு' என்னும் பயிற்சி அந்நூலிற் சிறந்தெடுத்து ஓதப்பட்டது. இன்றைய கைந்நூல்களின் முதற்பாடம் பெரும்பாலும் இதுவே. 1924ஆம் ஆண்டில் உலோனாவ்லாவிற் கைவல்யதாமம் நிறுவிய குவலயானந்தர், யோகப் பயிற்சிகளைக் கருவிகொண்டு அளந்தறியும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1975ஆம் ஆண்டில் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், மந்திர செபத்தினின்றும் சமயப் பொருளைப் பிரித்துவிட்டு, உடம்பு தளர்ந்து அமைதியுறும் நிலையை மட்டும் எடுத்து நூலெழுதினார்.

இவற்றை ஈண்டெடுத்துக் கூறியது இகழ்தற்கன்று. பிறநாட்டார் கண்டதாயினும் நல்லது நல்லதே. ஆயின் சிக்காகோவிலிருந்து வந்த பயிற்சிக்குத் திருமூலர் பெயரைச் சூட்டுதல், ஒருவன் ஈட்டிய பொருளை மற்றொருவன் கணக்கில் எழுதுதல் போலாம். அதனால் இருவர் கணக்கும் பிழைபடும்.

எண்ணும் அளவும்

இனி, திருமந்திரம் கூறும் அளவை நோக்குவாம். இடப்பால் நாசியால் பதினாறு மாத்திரை பூரித்தலும், அறுபத்துநான்கு மாத்திரை கும்பித்தலும், வலப்பாலால் முப்பத்திரண்டு மாத்திரை இரேசித்தலும் அங்குக் கூறப்பட்டன. கூட்ட 112 மாத்திரையாம். சில கைந்நூல்கள் இம் மாத்திரையை 'விநாடி' என்று பெயர்த்து, பதினாறு விநாடி இழுக்க, அறுபத்துநான்கு விநாடி அடக்க, முப்பத்திரண்டு விநாடி விடுக என்று எழுதுகின்றன. இஃது இருவழியானும் பிழை.

மாத்திரை என்பது கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலும் ஆகிய பொழுதென்று இலக்கண நூலார் கூறுப. இமைப்பொழுது ஆங்கிலேயர் கணக்கிற் செகண்டு என்பதனுட் பலமுறை அடங்குவது. மூன்று இமைப்பொழுது ஒரு செகண்டு என்று கொள்ளின், 112 மாத்திரை ஏறத்தாழ 37 செகண்டாம். கைந்நூலார் கொண்டவாறே மாத்திரை ஒன்று செகண்டு ஒன்று எனக் கொள்ளின் ஓருயிர்ப்பே ஒரு நிமிடமும் 52 செகண்டும் ஆகும். இரண்டற்கும் இடையே மூன்று மடங்கு வேற்றுமை. யோகநூல்களிலும் மாத்திரையின் அளவு ஒன்றுபோற் கூறப்படவில்லை. ஆதலின் மாணாக்கனது உடல்நிலை நோக்கி அவ்வளவை வரையறுப்பவர் ஆசிரியரேயன்றி அச்சிட்ட ஏடு அன்று என்பது பெறப்படும்.

'விநாடி' என்னும் சொல்லும் பழைய கணிதத்தில் வேறு பொருளது. ஆறு உயிர்ப்பு ஒரு விநாடி. அறுபது விநாடி ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒருநாள். ஆகவே ஒருநாளைக்கு உயிர்ப்பு 21,600 என்பது நம்மவர் கணக்கு. இக்கணக்கின்படி விநாடியொன்று 24 செகண்டாம். பழைய முறையிற் பயின்றானொருவன் கைந்நூலைப் படித்து, அறுபத்துநான்கு விநாடி கும்பிக்கப் புகின் 25 நிமிடத்துக்கு மேல் மூச்சடக்க வேண்டுவதாய் முடியும். சொல்லை ஆராயாது பெயர்த்தலால் வரும் கேடு இத்துணைத்து.

ஒன்று ஈண்டு அறிந்து மகிழற்பாலது. 21,600 என்பதனை 24 மணிக்குப் பகுப்பின் நிமிடத்துக்கு 15 உயிர்ப்பாம். நலமுடைய முதியோர் வாளா இருக்குங்கால் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை உயிர்ப்பர் என்று இக்கால உடலியலார் கூறுவதும் இதனோடு இயைகின்றது. நம்மவர் கணக்கு வெறுங் கற்பனையன்று. ஆதலின் அதனைக் கையாள்வோர் சொல்தோறும் கவனமுடையராதல் வேண்டும்.

பாதி மொழிந்து பாதி ஒழித்தல்

அளவிற் பிழையினும் பெரிது கருத்திற் பிழை. பிராணாயாமப் பகுதியில், வாயுவை வாங்கி வசப்படுத்தினார்க்கு உடம்பு பளிங்குபோல் ஒளிரும் என்றும், முதிர்ந்தும் இளமை மாறாது என்றும் கூறும் மந்திரம் ஒன்றுண்டு. கைந்நூலார் யாவரும் இதனை விரும்பி எடுத்தாள்வர். ஆயின் அம்மந்திரத்தின் பிற்பாதி, தெளிவுறக் குருவினது திருவருள் பெறுதலை உடன்வைத்து ஓதுகின்றது. பயன் கூறும் பாதியை அச்சிட்டு, அப்பயன் வரும் வாயிலைக் கூறும் பாதியை ஒழிப்பது, மருந்தின் பெயரை எழுதி அனுபானத்தை மறைத்தல் போலாம்.

அப்பகுதியின் தொடக்கத்தே பிராணன் குதிரையாக உருவகிக்கப்பட்டது. அக்குதிரை மெய்யர்க்குப் பற்றுக்கோடாம்; பொய்யரைத் தள்ளிவிடும் என்பது ஆண்டைக் கருத்து. ஆண்டும் குருவருள் பெற்றாலன்றிக் குதிரை வசப்படாது என்று வற்புறுத்தப்பட்டது. வேலை முடிந்து களைத்து வந்தவன் ஏட்டைப் பார்த்து அறுபத்துநான்கு எண்ணித் தலைசுற்றி வீழ்வானாயின், குதிரை தள்ளிற்று என்பதன்றி அவன் தகுதியற்றவன் என்பது அன்று. கடிவாளம் இன்றிக் குதிரையைக் கையிற் கொடுத்தவர் மேலதே குற்றம்.

இனி, காற்றைப் பிடிக்குங் கணக்கறிந்தார் கூற்றை உதைப்பர் என்னுங் கருத்தை நீண்ட ஆயுள் என்றே பொருள்கொண்டு, நூறாண்டு வாழ்தற்கு வழி என்பர் அந்நூலார். அஃது அமையாது. என்னை? சைவர்க்குக் கூற்றுதைத்தல் என்பது மார்க்கண்டேயர் பொருட்டு இறைவன் திருவடி செய்த அருட்செயல். கூற்றின் வெற்றி என்பது பிறப்பிறப்பின் வெற்றி. பிராணன் மனத்தோடு கூடிப் பெயராது அடங்கியவழிப் பிறப்பும் இறப்பும் இல்லை என்று அப்பகுதியிலேயே ஆசிரியர் வெளிப்படக் கூறியிருத்தலின், ஆயுள் நீட்டித்தல் உடன்விளையும் பயனாமன்றி முடிந்த பயனாகாது.

அன்றியும், பிராணாயாமம் எட்டுறுப்புள் நான்காவது. அதற்குமுன் இயமம், நியமம், ஆசனம் என்னும் மூன்றும் வைக்கப்பட்டன. கொல்லாமை, பொய்கூறாமை, களவின்மை, பகுத்துண்ணல் முதலிய பத்தும் இயமம்; தவம், செபம், தானம், சித்தாந்தக் கேள்வி, சிவபூசை முதலிய பத்தும் நியமம். இவ்விருபதும் கைந்நூல்களிற் காணப்படா. முதற்படி மூன்றையும் விட்டு நான்காம் படியிற் கால்வைக்கச் சொல்லும் ஏணியை ஒருவர் செய்வராயின் அதனைத் திருமூலர் ஏணி என்பது எங்ஙனம்?

உடற்பயனும் அதன் எல்லையும்

இங்ஙனங் கூறவே, ஒருசாரார், "மூச்சுப்பயிற்சியே வேண்டா என்பதோ நும் கருத்து?" என வினவலாம். அற்றன்று. உடம்பை இழுக்கென்று முன்னர் எண்ணிப் பின்னர் அதனுள்ளே உறுபொருளைக் கண்டு அதனைப் பேணலானேன் என்னுங் கருத்துப்படத் திருமூலரே அருளியிருத்தலின், உடலோம்பல் சைவர்க்கு விலக்கன்று. குளித்தலும் உண்ணலும் போல உயிர்ப்பை ஒழுங்கு செய்தலும் தக்கதேயாம்.

அதன் பயனை உடலியல் வழியே காட்டுவாம். நாம் ஒருமுறை வாங்கும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் தொண்டையிலும் குழாய்களிலும் தங்கித் திரும்புமன்றிக் குருதியொடு கலவாது. நிமிடத்துக்கு 15 முறை உயிர்ப்பவன் வாங்குவது 7,500 மில்லிலிட்டர். அதிற் பயன்படுவது 5,250. அச்சத்தாலும் அலைச்சலாலும் மேன்மார்பளவில் நிமிடத்துக்கு 30 முறை, முறைக்கு 250 மில்லிலிட்டராக உயிர்ப்பவனும் வாங்குவது அதே 7,500. பயன்படுவதோ 3,000 மட்டுமே. உழைப்பு மிகுதி, பயன் குறைவு. உதரவிதானம் என்னும் தசை நன்கிறங்க, வயிறு மெல்ல எழ, நிதானமாக உயிர்த்தலின் நன்மை இதனால் விளங்கும்.

மூச்சு உள்வருங்கால் நெஞ்சத் துடிப்புச் சிறிது விரைதலும், வெளிச்செல்லுங்கால் தணிதலும் இயல்பு. ஆதலின் வெளிமூச்சை நீட்டுதல் அமைதி தரும். நாசி வழியே உயிர்த்தலால் காற்று வெம்மையும் ஈரமும் பெற்றுத் தூசியும் ஓரளவு வடிக்கப்பெறும்.

ஆயின் எல்லையும் அறியவேண்டும். ஆழ்மூச்சு என்பது வன்மூச்சு அன்று. விரைந்தும் வலிந்தும் பலமுறை ஆழ உயிர்ப்பின் குருதியிற் கரியமிலவாயு அளவின்மேற் குறைந்து, தலை சுற்றும். விரலும் உதடும் மரமரக்கும். சிலர் மயங்கவுஞ் செய்வர். ஆக்ஸிஜன் மிகுந்ததனால் வந்த தெய்வநிலை இஃதென்று மயங்குதல் பேதைமை. நெஞ்சநோய், மிகு குருதியழுத்தம், இழைப்பு உடையாரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது மூச்சடக்கம் செய்யலாகாது. யாவரினும் தொழிற்சாலைத் தூசியிடை நின்று உழைப்பார்க்கு ஒன்று கூறுவோம்: நுரையீரலிற் படிந்த நுண்தூசியை எப்பயிற்சியும் கழுவிவிடாது. தூயதல்லாத காற்றை ஆழ வாங்கல் அழுக்குநீரை மிகுதியாகப் பருகுதலோடொக்கும். ஆண்டு வேண்டுவது முகக்காப்பும், புகைபோக்கியும், முறையான மருத்துவச் சோதனையும். அவற்றைத் தருதல் ஆலையுடையார் கடமை. வாங்கித் தருதல் அரசின் கடமை. மூச்சுப்பயிற்சி வகுப்பொன்று நடத்திவிட்டு அக்கடமை தீர்ந்ததென்பது அறமாகாது. யோகநூல்கள் முதலில் இடத்தூய்மையை விதித்தமையும் இக்கருத்துப் பற்றியே என்க.

அமைதியும் அருளும்

இனிச் சித்தாந்த நெறிநின்று நோக்கற்பாலது ஒன்றுளது. கைந்நூலார், மூச்சுத் தணிந்து மனம் ஓய்ந்தவழி வரும் அமைதியையே பேரின்பம் என்றும், அதுவே சமாதி என்றும் கூறுவர். சைவர்க்கு இதனினும் பெரிய மயக்கம் வேறில்லை.

பிராணவாயு மாயையின் காரியம்; சடம். அதனை ஒடுக்குதலால் வருவதும் கருவிகளின் ஒடுக்கமேயாம். கருவிகள் ஒடுங்குதல் நாள்தோறும் யாவர்க்கும் நிகழ்கின்றது. சாக்கிரத்தில் 35 கருவிகளும், கனவில் 25ம், சுழுத்தியில் 3ம், துரியத்தில் 2ம், அதீதத்தில் ஒன்றுமாக அவை படிப்படியே ஒழிதலைச் சித்தாந்த ஆசிரியர் விளக்கியுள்ளார். சுழுத்தியிற் பிராணனும் சித்தமும் புருடனும் உள. துரியத்திற் பிராணனும் புருடனும் உள. அதீதத்திற் புருடன் மட்டுமே. பிராணனும் ஒழிந்த அவ்வதீதத்தில் ஆன்மா முத்தியுற்றதோ எனின், இல்லை. ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கின்றது. விழித்தவுடன் பழைய விருப்பு வெறுப்புக்கள் அனைத்தும் அவ்வாறே எழுதல் யாவரும் அறிந்ததே. சகசமலம் உள்ள அளவும் ஆன்மா ஐயவத்தைப்படும் என்று சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் உணர்த்தியதும் இதுவே.

ஆகவே, ஓய்வு வேறு, வீடு வேறு. ஓய்வு உடம்புக்கும் கரணங்கட்கும் உரியது; பயிற்சியாற் பெறலாம். வீடு மலநீக்கத்தால் வருவது, அருளாலன்றிப் பெறலாகாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்நெறியுள் யோகம் சகமார்க்கம். அதன் பயன் சாரூபம். அஃதும் சிவனைத் தியானிக்கும் யோகத்துக்கே கூறப்பட்டது. தியானிக்கப்படும் பொருளின்றி நாசியை எண்ணும் பயிற்சிக்கன்று. இரவு வேலை முடித்து வந்தவனுக்கு நல்ல துயில் வேண்டும். அதனை மூச்சுப்பயிற்சி தருமாயின் தருக. ஆனால் அத்துயிலைத் திருவருள் என்று அவனிடம் கூறுவோமாயின், அருளைத் தேடும் வேட்கையே அவன்பால் எழாதபடி தடுத்தவராவோம்.

செயற்பாலது

அங்ஙனமாயின் செய்வது யாது? இரண்டினையும் வேறுபிரித்துக் கூறுதலே முறை. உடல் நலத்துக்குச் செய்வதனை மூச்சுப்பயிற்சி என்றே பெயரிடுக. தூய காற்றுள்ள இடத்தில் நிமிர்ந்திருந்து, கையை உந்திமேல் வைத்து, நாசியால் நான்கு எண்ணும் வரை மெல்ல வாங்கி, அடக்காமலே ஆறு எண்ணும் வரை மெல்ல விடுக. ஓரெண் ஒரு செகண்டாகக் கொள்ளின் நிமிடத்துக்கு ஆறு உயிர்ப்பாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கி இயன்றவாறு பெருக்குக. தலை சுற்றின் நிறுத்துக. இதற்குத் திருமூலர் பெயரும் வேண்டா, குருவும் வேண்டா. கும்பகத்தோடு கூடிய பிராணாயாமத்தை, தீக்கை பெற்று, அநுட்டானத்தின் உறுப்பாக, ஆசிரியர் விதித்த அளவிற் செய்க. அதனை ஏடு பார்த்துச் செய்யற்க.

இவ்விரண்டற்கும் இடையே, யாவர்க்கும் எளிதாய், தவறின்றிப் பயனளிப்பதொன்று நம்மிடம் பண்டே உளது. அது திருமுறை ஓதுதல். 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் பெர்னார்டி என்னும் இத்தாலிய மருத்துவரும் பிறரும் ஓராராய்ச்சி வெளியிட்டனர். கத்தோலிக்கர் செபமாலை வழிபாட்டையும், பௌத்தரது மந்திரம் ஒன்றனையும் 23 பேரை ஓதுவித்து அளந்ததில், இரண்டானும் உயிர்ப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது. குருதியழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் உடலியல்புஞ் சிறந்தது. நாசியில் ஒலி முரலுங்கால் ஆண்டு நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு பன்மடங்கு மிகுதலை 2002ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் கண்டனர். அடி நீண்டு செல்லப் பண்ணொடு பாடுவோன், தான் அறியாமலே வெளிமூச்சை நீட்டுகின்றான். மூச்சு வாங்குமிடமும் அடியின் இறுதியிலேயே அமைகின்றது. எண்ணவேண்டுவதில்லை, அடக்கவேண்டுவதில்லை, தலை சுற்றுவதுமில்லை.

"அங்ஙனமாயின் தேவாரமும் ஒரு மூச்சுப்பயிற்சியே" என்று முடிப்பார்க்கு விடை இது. கருவி அளந்தது உயிர்ப்பையும் குருதியையும் மட்டுமே, அன்பை அளக்கவில்லை. திருவதிகையில் நாவரசர் சூலைநோய் நீங்கினார். ஆயின் அவர் பெற்ற பேறு நோய் நீங்கியதன்று, ஆட்கொள்ளப்பட்டமையே. நோய் நீங்கியபின்னும் அவர் பாடுதலை நிறுத்தாமை இதற்குச் சான்று. நலம் ஒன்றே கருதிய பயிற்சியோ நலம் வந்தவுடன் கைவிடப்படும்.

ஆரணியாறு எம்மூர்க்கு வருமுன், ஆந்திர நாட்டுச் சுருட்டப்பள்ளியின் மருங்கே வருகின்றது. ஆலகாலத்தை உண்டு கண்டத்தடக்கிய பெருமான் ஆண்டுப் பள்ளிகொண்ட திருக்கோலத்திற் காட்சியளிக்கின்றான். நஞ்சை மிடற்றில் நிறுத்தும் ஆற்றல் அவனுக்கே உரியது, நமக்கன்று. ஆதலின் நாம் வாங்கும் காற்றை நஞ்சாகாமற் காத்தல் வேண்டும். வாங்கிய காற்றை வெறிதே விடாமல் அவன் புகழாக்கி விடுதல் வேண்டும். கைந்நூல் எழுதுவோர் நலத்தை நலமென்றும் அருளை அருளென்றும் பிரித்தெழுதுவாராயின், தொழிலாளர்க்கும் நன்மை, திருமூலர்க்கும் இழுக்கில்லை.

திருச்சிற்றம்பலம்.